கியர் பாக்ஸை இறக்கினால் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்

 கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். கார் இல்லாதவர்கள் வீட்டில் யாராவது வைத்திருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க ஒரு இரும்பு வளையத்தை வைத்திருக்கிறேன். கைக்கடிகார முகப்பு அளவுதான் இருக்கும். நடுவில் ஓட்டை, உள்ளே சின்னச் சின்ன குண்டுகள். கறுத்துப் போய், ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருக்கிறது. விரலை விட்டுச் சுற்றினால் சுற்றாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள். அது பைலட் பேரிங். புதிதாக வாங்கினால் 250 ரூபாய். அந்த 250 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், கடந்த மே மாதம் கொல்லிமலையில் இரண்டு பேரக்குழந்தைகளோடு நடுரோட்டில் நின்றேன். காரை ஓட்டியது நான்தான். அந்த பேரிங்கை மாற்ற வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வண்டி பழைய டீசல் வண்டி, ஜீப் ரகம், பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. பெயர் எழுதவில்லை. இதில் வண்டியின் குறை ஒன்றும் இல்லை, கம்பெனியை ஏன் இழுக்க வேண்டும்? போன வருடம் ஜூன் மாதம், நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் உறுமியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. தீய்ந்த வாடையும் வந்தது. கிளட்ச் வழுக்குகிறது என்று எனக்கே தெரிந்தது.

நாமக்கல்லில் பட்டறைக்கா பஞ்சம்? லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் லாரியிலும் பட்டறையிலும் ரிக் வண்டியிலும் இருக்கிறார்கள் என்று எண்ணி முடியாது. அவர்களில் ஒருவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். 1990-களில் என்னிடம் எட்டாவது வரை படித்தவன். இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல். ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும், ஆனால் எழுதினால் அவனே கோபித்துக்கொள்வான். பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்த்து 6,200. ரிலீஸ் பேரிங் 900. பைலட் பேரிங் 250. ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவ 900. கியர் பாக்ஸ் இறக்கி ஏற்ற லேபர் 4,500. மொத்தம் 12,750.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்திய கை அல்லவா? ரிலீஸ் பேரிங் அடித்தேன். பைலட் பேரிங் அடித்தேன். லேத் வேலை அடித்தேன். “பிளேட்டுதானே தேய்ஞ்சிருக்கு, அதை மட்டும் மாத்து சாமி, மத்ததெல்லாம் நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு” என்றேன். பக்கத்தில் நின்ற என் கொழுந்தனாரும் “ஆமாங்க அண்ணி, இவங்க எல்லாம் செட்டா மாத்தத்தான் சொல்லுவாங்க” என்று ஒத்து ஊதினார்.

அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். “டீச்சருங்க, கியர் பாக்ஸ் இறக்குறப்பவே இதையும் போட்டுட்டா நல்லதுங்க.” நான் தலையை ஆட்டவில்லை. “சரிங்க டீச்சர், நீங்க சொன்னா சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். 10,700 ரூபாயில் வேலை முடிந்தது. 2,050 ரூபாய் மிச்சம். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

பதினோரு மாதம் வண்டி ஓடியது. ஓடியது என்றால், முதல் கியரில் எடுக்கும்போது ஒரு நடுக்கம் இருந்தது. கடைசி இரண்டு மாதம் சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டு நின்றால் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம். ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டும் போட்டுவிட்டால் அது காதில் விழாது. விழாததால் இல்லை என்று ஆகிவிடுமா?

மே மாத விடுமுறைக்கு மகள் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஆகாய கங்கை பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பதைத் தாண்டிய ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. ஒதுங்கி நிற்க கிளட்சை மிதித்தேன். பெடல் அடி வரை போனது, ஆனால் வண்டி கிளட்சை மிதிக்காதது போலவே முன்னால் இழுத்தது. பிரேக்கை அழுத்தினேன், என்ஜின் இடித்துக்கொண்டு அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்து முதல் கியருக்குத் தள்ளினால் ‘கர்ர்’ என்று பல்லைக் கடிக்கிறது, கியர் விழவே இல்லை. பின்னால் இரண்டு கார்கள். அதற்குப் பின்னால் வளைவு. என்ஜின் அணைந்த பிறகு நாலைந்து தடவை மிதித்ததில் பிரேக் பெடலும் கல்லு மாதிரி ஆகிவிட்டது. என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி செய்கிற காற்று உறிஞ்சல் கிடைக்கும் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், பின்சீட்டில் ஒன்பது வயதும் ஆறு வயதும் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். “அம்மாயி, வண்டி பின்னால போகுதா?” என்று சின்னவள் கேட்டாள். போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளினால் முதல் கியர் விழுந்தது. கியரிலேயே விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிள்ளைகளை இறக்கினோம். அந்தக் கண்டக்டருக்கு இந்தப் பதிவு போய்ச் சேருமோ தெரியாது. அவருக்கு நன்றி.

வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்க்கவே 4,000 ஆனது. மறுநாள் பட்டறையில் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை பார்த்தே தீருவது என்று.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். என் மாணவர்கள் எட்டாம் வகுப்பு அறிவியலில் உராய்வுப் பாடம் படித்திருப்பீர்கள். உராய்வு ஒரு தேவையான தீமை என்று எழுதி மனப்பாடம் செய்தீர்கள். பந்துத் தாங்கி உராய்வைக் குறைக்கும், சரியா தவறா என்று ஒரு மதிப்பெண் கேள்வியும் போட்டிருக்கிறேன். எத்தனையோ வருடம் அந்தப் பாடத்தை நடத்திய எனக்கு, அந்தத் தேவையும் தீமையும் ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது என்பது அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

என்ஜினின் பின்முனையில் கனமான ஒரு இரும்புத் தட்டு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதுதான் ஃப்ளைவீல். என்ஜின் சுற்றும்போதெல்லாம் அதுவும் சுற்றும். அதன் முகத்தோடு ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்துவது ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட். கிளட்ச் பிளேட்டின் நடுவில் பல் வெட்டிய ஓட்டை, அதில் கியர் பாக்ஸில் இருந்து வரும் தண்டு கோத்திருக்கும். அழுத்தம் இருக்கும் வரை என்ஜின் சுற்றும் சுற்று, உராய்வின் தயவில், தண்டுக்குப் போகும். நாம் பெடலை மிதித்தால் ஒரு கவை முன்னால் நகர்ந்து ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் மேல் தள்ளும். அழுத்தம் விடும். என்ஜின் தன் பாட்டுக்குச் சுற்றும், தண்டு தனியாக நிற்கும்.

அந்தத் தண்டின் மூக்கு எங்கே நிற்கிறது? ஃப்ளைவீலின் நடு மையத்தில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் இருப்பதுதான் பைலட் பேரிங். தண்டு ஆடாமல் நேராக நிற்க அது தாங்கு. இதில் ஒரு வேடிக்கை. நாம் காலை எடுத்துவிட்டு ஓட்டும்போது ஃப்ளைவீலும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் பைலட் பேரிங்குக்கு வேலையே இல்லை. பெடலை மிதித்து, கியரில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் அதற்கு வேலை. வெளி வளையம் என்ஜின் வேகத்தில் சுற்றும், உள்வளையம் தண்டோடு அசையாமல் நிற்கும். உள்ளே கிரீஸ் காய்ந்து குண்டுகள் இறுகிவிட்டால், வெளியே சுற்றுகிறது உள்ளே நிற்பதையும் இழுத்துக்கொண்டு சுற்றும். அப்புறம் நாம் பெடலை எவ்வளவு அழுத்தி மிதித்தால் என்ன? பிளேட் விட்டுவிட்டது, பேரிங் விடவில்லை. கொல்லிமலையில் நடந்தது அதுதான்.

அவன் கியர் பாக்ஸை இறக்கி, பிரஷர் பிளேட்டைக் கழற்றி, ஃப்ளைவீலை எனக்குக் காட்டினான். முகத்தில் நீல நீலமாகப் புள்ளிகள், வெயிலில் வெடித்த வயல் மாதிரி மெல்லிய கீறல்கள். சூட்டில் வந்ததாம். பழைய பிளேட் தேய்ந்து வழுக்கியபோதே வந்த புள்ளிகள் அவை. அதைச் சீவாமல் புதுப் பிளேட்டை அதன் மேலேயே வைத்ததால்தான் அந்த நடுக்கம். பிறகு தண்டின் மூக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பேரிங் இறுகிய இடத்தில் வரிவரியாக அரித்திருந்தது. அதனால் கியர் பாக்ஸைப் பிரித்துத் தண்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

கணக்கு எழுதுகிறேன், பாருங்கள். வண்டி இழுக்க 4,000. திரும்ப லேபர் 4,500. கியர் பாக்ஸ் பிரிக்க 2,500. தண்டு 5,600. அன்றைக்கு நான் அடித்த இரண்டு பேரிங் 1,150. அன்றைக்கு நான் அடித்த லேத் வேலை 900. கூட்டினால் 18,650. மிச்சம் பிடித்தது 2,050.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். “பிளேட்டையும் மாத்திடட்டுமா?” என்று நானே கேட்டேன். பயந்து போயிருந்தேன், என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன். அவன் பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ரிவெட் தலைக்கு மேல லைனிங் நல்லா நிக்குதுங்க டீச்சர், எண்ணெயும் படலை. இது ஓடும், விடுங்க” என்றான். செட்டாக மாற்றத்தான் சொல்லுவார்கள் என்ற என் கொழுந்தனார் அப்போது பக்கத்தில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். கிளட்ச் வேலையில் சாமான் மட்டும் செலவு இல்லை, அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதும் பெரிய செலவுதான். கியர் பாக்ஸை இறக்கினால்தான் கைக்கு எட்டும் என்று எவையெல்லாம் இருக்கின்றனவோ, அவற்றை ஒரே தடவையில் பார்த்து, தேயக்கூடியதை மாற்றிவிட வேண்டும். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டும் கண்டிப்பாக. ஃப்ளைவீல் முகம் சீவத் தேவையா என்று பார்க்க வேண்டும். என்ஜின் பின்முனையில் ஆயில் சீல் கசிகிறதா, கியர் பாக்ஸ் முன் சீல் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கசிந்தால் அந்த எண்ணெய் புதுப் பிளேட்டில் பட்டு ஒரே மாதத்தில் பழையபடி வழுக்கும். கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அங்கே சிக்கனம் பாருங்கள். யாராவது இந்தச் சாக்கில் பிரேக் பேடும் பேட்டரியும் சேர்த்து எழுதினால் தாராளமாக அடியுங்கள்.

“நல்லா ஓடுறதை எதுக்குக் கழட்டணும்” என்று சொந்தக்காரர்கள் சிலர் போனில் கேட்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன். பேரிங் நன்றாக இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தால் தெரியும், ஆனால் இன்னும் எத்தனை நாள் நன்றாக இருக்கும் என்று தெரியாது. இந்த வகை பேரிங்குகள் மூடி போட்டு உள்ளே கிரீஸ் அடைத்து வருபவை. பழையதை டீசலில் கழுவி மறுபடி போட்டால் இருக்கிற கிரீஸும் கரைந்து போகும். புதுப் பிளேட் அடுத்து எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், அது முடியும் வரை கியர் பாக்ஸை இறக்கப் போவதில்லை. பழைய பேரிங்கும் அதுவரை தாங்கும் என்று எந்த தைரியத்தில் சொல்வது?

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லா வண்டியிலும் பைலட் பேரிங் இருக்காது. முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார்களில் பலவற்றில் அது கிடையாது, தண்டை கியர் பாக்ஸே தாங்கிக்கொள்ளும். சில பழைய வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் இருக்கும். புதிய டீசல் கார்கள் சிலவற்றில் ஃப்ளைவீலே இரண்டு அடுக்காக, நடுவில் ஸ்பிரிங் வைத்து வரும். அதைச் சாதாரண ஃப்ளைவீல் மாதிரி லேத்தில் கொடுத்துச் சீவுவது சரிப்படாது, விலையும் தலையைச் சுற்ற வைக்கும். உங்கள் வண்டியில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். என்னை மாதிரி கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள். கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், உங்கள் காரிலும் கிளட்ச் பிளேட் இருக்கிறது. மிதிக்கிற வேலையை மட்டும்தான் மெஷின் செய்கிறது.

சத்தத்தை வைத்து அடையாளம் காண அவன் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஓட விட்டுக் காதைக் கொடுங்கள். பெடலில் கால் வைக்காதபோது சத்தம் இருந்து, மிதித்தவுடன் நின்றால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படலாம். லேசாக மிதிக்கத் தொடங்கியதுமே சத்தம் கிளம்பினால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து, கியரில் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சென்று கத்தினால் பைலட் பேரிங். அதோடு ரிவர்ஸ் கியர் கர்ரென்று கடிக்கத் தொடங்கினால் தள்ளிப் போடாதீர்கள். இது கைநாடி பார்ப்பது மாதிரிதான், கழற்றிப் பார்த்தால்தான் உறுதி. இருந்தாலும் நான் அந்த இரண்டு மாதம் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டிருந்தால் பிள்ளைகளை மலைக்கு ஏற்றியிருக்க மாட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததில் இன்னும் சில விஷயங்கள். பைலட் பேரிங்கை ஃப்ளைவீல் குழியில் இருந்து எடுக்க உள்ளே நகம் விரிக்கிற ஒரு புல்லர் வைத்திருக்கிறான். அவன் குருநாதர் காலத்தில் புல்லர் கிடையாதாம். குழிக்குள் கிரீஸை அடைத்து, ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துச் சுத்தியால் அடிப்பாராம். கிரீஸ் போக வழியில்லாமல் பின்னால் இருந்து தள்ளி வெளியே கொண்டுவந்து விடுமாம். பாஸ்கல் விதி! திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று நான் கரும்பலகையில் படம் போட்டதை, எந்தப் பள்ளிக்கூடமும் போகாத ஒரு மனிதர் சுத்தியலால் நடத்தியிருக்கிறார். புது பேரிங்கை அடித்து ஏற்றும்போது வெளி வளையத்தின் மேல்தான் அடி விழ வேண்டும், உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் அன்றைக்கே நசுங்கிவிடும் என்றான். பிளேட்டை நடு மையத்தில் நிறுத்த ஒரு பழைய தண்டை உள்ளே சொருகிப் பார்க்கிறான். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போகாமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குகிறான். தண்டின் பல்லில் கிரீஸ் தடவினான், ஆனால் நாம் நெற்றியில் விபூதி வைப்பதை விடக் கம்மியாக. அதிகமானால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில் படுமாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைத் திட்டினேன். உள்ளே இருந்த கறுப்புத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதப் போனான். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடை என்றேன். “சரிங்க டீச்சர்” என்று துடைத்தான். இது நான் ‘சரிங்க டீச்சர்’ வாங்கத் தகுதியுள்ள விஷயம். போன வருடத்து ‘சரிங்க டீச்சர்’ அப்படி இல்லை.

இதுதான் என்னை உறுத்துவது. அன்றைக்கு அவனுக்கு நன்றாகத் தெரியும், நான் சொல்வது தப்பு என்று. வேறு கஸ்டமர் என்றால், “இல்லீங்க, மாத்தாம நான் வண்டியைத் தர மாட்டேன்” என்று சொல்லியிருப்பானாம், கேட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், “டீச்சர்கிட்ட எப்படிங்க” என்று தலையைச் சொறிகிறான். இத்தனை வருடம் கழித்தும் அவனுக்கு நான் கையில் ஸ்கேல் வைத்திருப்பவள். அந்த வகுப்பில் நான் அடிக்கடி சொன்ன வசனம் ஒன்று உண்டு, உங்களில் பலருக்கும் நினைவிருக்கும்: “படிக்கலைன்னா லாரிப் பட்டறைக்குத்தான் போவே.” அவன் அதை ஞாபகப்படுத்தவில்லை. எனக்குத்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. நாமக்கல் என்றால் முட்டை, லாரி, மார்க் என்று பெயர். மார்க் எடுத்தவர்களை மேடையில் ஏற்றினோம். லாரியை ஓட வைத்தவர்களை உதாரணமாகக் காட்டிப் பயமுறுத்தினோம். அந்த வசனத்துக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் விடுங்க டீச்சர், டீ சாப்புடுங்க” என்றான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்ததை டீச்சரிடமும் அடித்துச் சொல்லுங்கள். டாக்டர் ஆனவர்கள் நன்றாகவே சொல்கிறீர்கள், என் சர்க்கரைக்குத் திட்டு விழாத நாள் இல்லை. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், கொத்தனார் ஆனவர்கள்தான் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது, விட்டுவிட மாட்டேன். நான் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பல வருடம் முன்பு, வேறொரு ஊரில் ஒரு பட்டறையில், மாற்றாத சாமானை மாற்றியதாக பில் போட்டு வாங்கினார்கள். பிற்பாடு இன்னொருவர் கழற்றியபோதுதான் தெரிந்தது. அப்படி ஒருவர் செய்தால் நேர்மையான பத்துப் பேரின் வார்த்தைக்கும் மதிப்பு போய்விடுகிறது. ஆகவே வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் ஒரு சாக்குப்பையில் போட்டு வண்டி டிக்கியில் வையுங்கள், கேட்காமலே வையுங்கள். “மாத்துனா நல்லதுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். “மாத்தலைன்னா இன்ன மாதிரி ஆகும், திரும்ப இதே லேபர் ஆகும்” என்று காரணத்தோடு சொல்லுங்கள். அவன் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் நான் பேனாவைக் கீழே வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வைத்திருப்பேனா? தெரியவில்லை.

ஓட்டுகிறவர்களுக்கும் கொஞ்சம். என் கிளட்ச் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததற்கு நானே காரணம் என்று ஃப்ளைவீலின் நீலப் புள்ளியைக் காட்டிச் சொன்னான், இந்தத் தடவை தயங்காமல். மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்பேன். அது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன், மகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவளே, இதைப் படித்தால் நிறுத்திக்கொள். சும்மா ஓட்டும்போதும் இடது காலை பெடல் மேலேயே வைத்திருப்பவர்கள் ரிலீஸ் பேரிங்கை ஓயாமல் சுற்ற வைக்கிறீர்கள். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்குப் போய்க் காலை எடுத்துவிடுங்கள். அப்போது ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டுக்கும் ஓய்வு.

வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. நடுக்கம் இல்லை, சில்வண்டும் இல்லை. பிள்ளைகள் ஆகாய கங்கையை இன்னும் பார்க்கவில்லை. காலாண்டு விடுமுறைக்கு வரும்போது கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சின்னவள் மட்டும் “பஸ்ல போலாம் அம்மாயி” என்கிறாள்.

பட்டறை முகவரி வேண்டும் என்று போனில் கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில்: அவனிடம் கேட்டுவிட்டேன். ஆடி 18 முடியும் வரை புது வேலை எடுக்க முடியாதாம். வல்வில் ஓரி விழாவுக்கு மலை ஏறுகிற வண்டிகளே வரிசையில் நிற்கிறதாம். அதற்குப் பிறகு வேண்டுமானால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்